ஷட்டருக்குக் கீழே ஒரு சாண் சினிமா

“செத்தான்” என்றாள் பூவம்மாள். கையில் நுரை வழியும் எவர்சில்வர் தட்டு.

“யாருக்கா?” என்றாள் மாரம்மா, பக்கத்துத் தொட்டியில் டம்ளர் அலசியபடி.

“பழுப்பு ஷூக்காரன். படியில எறங்கறான் பாரு, நின்னு நின்னு வெக்கறான். கீழ வந்து சேர மாட்டான்.”

ஒரு தட்டு கழுவி அடுக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. அந்தப் பக்கம் சாப்பாட்டு ஹாலே “அடடா” என்றது. பூவம்மாள் அடுத்த தட்டை எடுத்தாள். பழுப்பு ஷூ படியில் குப்புறக் கிடப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் தடவை பார்த்தபோதே அவனுக்காக அழுதாயிற்று. ஒரே ஷூவுக்கு எத்தனை தடவை அழுவது?

ஓசூர் சிப்காட்டில், கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் தட்டு கழுவுகிறாள் பூவம்மாள். கழுவும் இடத்துக்கும் ஹாலுக்கும் நடுவே ஓர் இரும்பு ஷட்டர். ஆவியும் சோப்பு வாசமும் சாப்பிடுகிறவர்கள் மேல் போய் விழக் கூடாது என்று அதை எப்போதும் பாதிக்கு மேல் இறக்கியே வைத்திருப்பார்கள். மிச்சமுள்ள இடைவெளி வழியாகத்தான் எச்சில் தட்டும் உள்ளே வரும், உலகமும் உள்ளே வரும். ஹாலின் மறுகோடியில் ஸ்டாண்டில் நிற்கும் டிவியில், குனிந்தபடியே வேலை செய்கிறவளுக்குத் தெரிவது அடிப்பக்கம் ஒரு சாண். தலைக்கு மேலே ஆவியை வெளியே தள்ளும் பெரிய ஃபேன், ஏற்றத்தில் ஏறும் லாரி மாதிரி உறுமுவதால் வசனமும் கிடையாது, பாட்டும் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் டிவி ஓடுவதால் எந்தப் படத்துக்கும் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. நுரை பொங்கும் கெலவரப்பள்ளி அணைக்குப் போட்டியாகத் தொட்டியில் நுரையைக் கிளப்பிவிட்டு, அந்த ஒரு சாணை வைத்துக்கொண்டே அவள் முழுப் படத்தையும் பார்த்துவிடுவாள்.

ஒரு சாணில் வருவதெல்லாம் பெரும்பாலும் கால்கள்தான். ஓடுகிற கால், உதைக்கிற கால், மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மூச்சு வாங்குகிற கால். முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து காட்டினால் அவளுக்கு ஒரு சட்டைப் பொத்தான் மட்டும் வந்து நிற்கும். அதுவும் போதும். “பொத்தான் மேலயும் கீழயும் போவுது பாரு. அப்பனப் பத்தி உண்ம தெரிஞ்சிருச்சு இவனுக்கு” என்பாள். கார் துரத்தல் வந்தால் வெறும் ரோடு. ரோட்டில் உள்ள பள்ளத்தை வைத்துப் படத்தைச் சொல்லிவிடுவாள். அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பகையாளி, டிவிக்கு அடியில் ஓடும் விளம்பர எழுத்து. ஹீரோயின் கட்டை விரலால் தரையில் கோடு போடத் தொடங்குகிற நேரம் பார்த்து அதன் மேல் ஏறி ஓடும்.

“என்னாத்துக்குடா இப்ப ஓடறான் அவன்? என்னான்னு எழுதியிருக்குது?”

“நகைக்கடைக்கா. சேதாரம் கெடையாதாம்” என்பான் தட்டு போட வந்தவன்.

“எம் படத்துக்கு ஆனது சேதாரம் இல்லாம என்னா? அவன் கடையில ஈ உக்காரட்டும்.”

படத்தின் பேர் திரையின் நடுவில் வரும். பூவம்மாளுக்கு நடு என்பதே கிடையாது. ஆகவே பேரையும் அவளே வைத்துவிட்டாள். ஒத்தக் கொலுசுப் படம். ஈரப் படிக்கட்டுப் படம். ஷூவுக்குள்ள தேளுப் படம். தட்டு போட வரும் ஃபிட்டர் பாலாஜி குனிந்து, “அக்கா, அதுக்குப் பேரு அது இல்லக்கா” என்று நிஜப் பேரை எடுத்து விடுவான்.

“அது அவங்க வெச்ச பேரு. இது நான் வெச்சது. போடா, தட்டுல பாதி சோத்த வெச்சுட்டு எனக்குப் பேரு சொல்ல வந்துட்டான்.”

பாலாஜிக்கு அவளை மடக்காமல் தூக்கம் வராது. ஒருநாள் ரிமோட்டைக் கைப்பற்றிக் கன்னடச் சேனலுக்கு மாற்றினான். இந்த எல்லைப் பக்கம் ஒரே கதை மூன்று பாஷையில் மூன்று வேஷம் கட்டி வரும். யார் எதில் பார்த்தார்களோ அதுதான் ஒரிஜினல் என்று டீக்கடையில் சட்டையைப் பிடிப்பார்கள். பாலாஜி ஷட்டருக்குக் கீழே தலையை நீட்டினான்.

“இப்பச் சொல்லுக்கா பாப்போம்.”

“ஒத்தக் கொலுசு.”

“தப்பு! இது கன்னடம். ஆளே வேற!”

“ஆளு வேறதான், யாரு இல்லன்னா? நம்ம பொண்ணுக்குக் கொலுசு வலது கால்ல. இவளுக்கு இடது. வீடும் வேற. ஆனா நாயி அதே நாயி.”

பாலாஜி வீட்டுக்குப் போய் இரண்டு படத்தையும் போனில் பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்த்தான். நாயைப் பற்றி யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் கண்ணுக்கும் அது அதே நாயாகத்தான் தெரிகிறது.

தோற்றவன் சும்மா இருப்பானா? அடுத்து போனை டிவியில் சேர்த்து ஒரு கொரியப் படத்தை ஓட்டினான். பூவம்மாள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

“இது நம்ம பக்கத்துக் காலு இல்ல” என்றாள் கடைசியில். “வாசல்ல ஒரு செருப்ப உட்டுட்டு, ஊட்டுக்குள்ள இன்னொரு செருப்பப் போட்டுக்குது. ஆனா அழுவறப்ப மட்டும் நம்மள மாதிரியே வெரல மடக்குது, பாவம்.”

அவளை மடக்க வேண்டுமானால் முகத்தைக் காட்டினால் போதும் என்பது பாலாஜிக்குத் தோன்றவே இல்லை. அவள் உயிரை விடுகிற ஒரு ஹீரோ இருக்கிறார். இடது காலை ஒரு நொடி தாமதித்து வைத்து நடப்பார். அந்த நடை திரையில் வந்துவிட்டால் அன்று தட்டுகள் எல்லாம் இரண்டு தடவை கழுவப்படும். ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருக்கு ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கில் ஒரு கட்-அவுட் வைத்திருந்தார்கள். கால் இருக்கும் இடத்தைச் சுற்றித் தோரணம் கட்டி மறைத்திருந்தது. பூவம்மாள் அண்ணாந்து பார்த்து மகள் சத்யப்ரியாவிடம், “யாருடி இது, எலெக்‌ஷன்ல நிக்கறாரா?” என்றாள்.

“உன் ஆளும்மா!”

பூவம்மாள் நம்பவில்லை. மறுபடி அண்ணாந்து பார்த்தாள். “மூஞ்சி இப்பிடியா இருக்கும்? நான் கொஞ்சம் சாந்தமா நெனச்சிருந்தேன்” என்று சொல்லிவிட்டு, பஸ் வரும்வரை வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

இந்த வித்தை கேன்டீனோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மூக்கண்டப்பள்ளியில் அவள் குடியிருக்கும் வரிசை வீடுகள் வரைக்கும் அது கூடவே வந்துவிட்டது. யார் எதிரே வந்தாலும் அவள் கண் முதலில் தரைக்குத்தான் போகும். சொல்லப்போனால் கேன்டீனுக்கு முன்பே அது தொடங்கிவிட்டது. அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, தலையை நிமிர்த்தினால் கொன்றுவிடுவேன் என்று அவள் அம்மா சொல்லி வைத்திருந்ததால், மாப்பிள்ளை என்று அவள் கண்டதே இரண்டு பாதங்களைத்தான். விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, பாய் ஓரத்தில் பயந்து உட்கார்ந்திருந்தன. இது கை ஓங்காது என்று முடிவு செய்து சரி என்றாள். இன்றுவரை ஓங்கியதில்லை. “மூஞ்சியப் பாத்திருந்தான்னா வேணான்னுதான் சொல்லியிருப்பா” என்பார் புருஷன் கிருஷ்ணப்பன். லாரிக்கு லோடு ஏற்றுகிற மனிதர். அந்த நாளில் கால் கழுவிக்கொண்டு போனதைத் தன் வாழ்க்கையின் பெரிய புத்திசாலித்தனமாக நினைக்கிறார்.

வாய்தான் வம்பு. வீட்டு ஓனரின் மகளுக்குக் கல்யாணமான புதிதில், விருந்துக்கு வந்த மாப்பிள்ளை வாசலில் விட்டிருந்த ஷூவைப் பார்த்து, “இது இடைவேளைக்கு அப்புறம் வராத காலு” என்றுவிட்டாள். மாப்பிள்ளை பெங்களூருக்கு வேலைக்குப் போனார். போனவர் போனவர்தான். ஓனர் அம்மா இன்றைக்கும் அவளைப் பார்த்தால் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடுகிறாள்.

அதற்கப்புறம் சத்யப்ரியாவுக்கே ஒரு வரன் வந்தது. நாகரசம்பட்டியில் மாந்தோப்பு உள்ள குடும்பம். எல்லோரும் உட்கார்ந்து, கேசரி கைக்கு வந்த நேரம் பூவம்மாள், “அடியாள் காலு இது. மொத சண்டையிலயே ஓடிரும்” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் வருஷக்கணக்கில் ஃபேனுக்கு அடியில் பேசிப் பழகிய தொண்டைக்கு மெதுவாக என்பது தெருமுனை வரைக்கும் கேட்கும். அவர்கள் கேசரியை வைத்துவிட்டுப் போனார்கள். தரகர் அதற்குப்பின் அந்த வரிசையிலேயே கால் வைக்கவில்லை. சத்யப்ரியா இரவெல்லாம் அழுதாள். அழுகைக்கு நடுநடுவே அம்மாவுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடும் போட்டாள். ஏனென்றால் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் அவளுக்கு ஏற்கெனவே ஹரீஷ்குமார் இருந்தான்.

இப்போது வரப்போவது அந்த ஹரீஷ்குமார்தான். சத்யப்ரியா அம்மாவைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னாள்.

“உன் கம்பெனியிலதாம்மா இருக்காரு. வெல்டிங்ல.”

“எங்க கம்பெனியிலயா? நான் பாத்ததே இல்லயே.”

“நீ யாரத்தான் பாத்த?” என்றவள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஞாயித்துக்கெழம அவங்க சின்னம்மாவக் கூட்டிக்கிட்டு வர்றாரு. அந்தம்மா ரொம்ப ரோஷக்காரங்க. ஒரு வார்த்த தப்பா வந்தா எழுந்து போயிருவாங்க, அப்பறம் திரும்ப மாட்டாங்க. எனக்கு இவருதாம்மா வேணும். காலப் பாத்து எதுவும் சொல்லிறாத.”

பூவம்மாள் மகளின் கையிலேயே அடித்துச் சத்தியம் செய்தாள். “வாயத் தெறந்தா என்னான்னு கேளு.”

சத்யப்ரியா அதை முழுசாக நம்பவில்லை. ஹரீஷிடம், “அம்மா காலத்தான் பாக்கும், பாத்து வாங்க” என்று சொல்லி வைத்தாள். அவனிடம் இருந்ததோ கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ ஒன்று, பாத்ரூமுக்குப் போடுகிற ரப்பர் செருப்பு ஒன்று. ஆகவே ரூம்மேட்டின் கூர்மூக்கு பழுப்பு ஷூவைக் கேட்டு வாங்கினான். ஒரு சைஸ் பெரிது. முன்னால் பேப்பரைச் சுருட்டித் திணித்தான். கண்ணாடி முன் நின்று பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. நடந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பூவம்மாள் தெருவிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் உள்ள சிமெண்ட் நடையைத் தட்டு தேய்க்கிற மாதிரியே தேய்த்துக் கழுவி வைத்தாள். சத்யப்ரியா வாசலுக்குப் புதுசாக ஒரு திரைச்சீலை வாங்கி, இஸ்திரி போட்டு மாட்டினாள். அம்மாவை அதற்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார வைத்து, “நான் கூப்பிடற வரைக்கும் வெளிய வராத” என்றாள். அவள் போட்ட கணக்கு சரிதான். ஆனால் துணி ஒரு முழம் குறைந்துபோனது அவள் கண்ணில் படவில்லை. அம்மாவின் வாயை மூட மாட்டிய திரை, அம்மாவுக்கு வீட்டிலேயே ஒரு ஷட்டர் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

முதலில் ஹரீஷின் சின்னம்மா சரோஜம்மாள். தெருவிலேயே செருப்பை உதறிவிட்டு, ஈரத்தில் நட்டநடுவே தொப்புத் தொப்பென்று தடம் பதித்து வந்து வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். “வாங்கம்மா, வாங்க” என்றார் கிருஷ்ணப்பன். பின்னால், தெருவில் ஒரு கூர்மூக்கு பழுப்பு ஷூ.

பூவம்மாளின் கண் சுருங்கியது. மாடியிலிருந்து குதிக்கும்போது ஹீரோவுக்குப் பதில் வேறு ஆளைக் குதிக்கவிட்டு எடுப்பார்கள். ஷூ ஒன்றுதான், ஆனால் தரையில் இறங்கும் கால் வேறு. அதை அவள் கண்டுபிடிக்காத நாள் கிடையாது. சத்தியம் ஞாபகம் வந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஷூ இன்னும் இரண்டு அடி வைத்தது. பொத்திய கையைத் தள்ளிக்கொண்டு வார்த்தை வெளியே வந்துவிட்டது.

“டூப்பு!”

ஓனர் வீட்டு மோட்டார்கூட ஒரு நிமிஷம் நின்ற மாதிரி இருந்தது. கிருஷ்ணப்பன் கூரை ஓடுகளை எண்ணத் தொடங்கினார்.

“ஏனு?” சரோஜம்மாள் கன்னடத்தில் கேட்டபடி நாற்காலியை விட்டு எழுந்தாள். “யாரு டூப்பு?”

“ஷூ மொதல்ல வருது, காலு அப்பறமா வருது” என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல். உண்மையைச் சொல்லும்போது அவளுக்கு வேறெதுவும் நினைவில் இருப்பதில்லை. “அது அந்தத் தம்பி ஷூவே இல்லம்மா.”

“அய்யோ தேவ்ரே! அத்திப்பள்ளியில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம், நம்ம ஹுடுகன, நம்ம பையனப் போயி டூப்புங்கறாங்களே! எங்க அக்கா பெத்து நான் வளத்த புள்ளம்மா இது, ஒரிஜினல்! ஹரீஷு, வாடா போலாம். இந்த ஊட்டுல தண்ணிகூட வேணாம்.”

அடுப்படியிலிருந்து சத்யப்ரியா காபி டம்ளர்களோடு வந்து நின்றாள். பூவம்மாள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பாதங்களைப் பார்த்தாள். அவை தரையைப் பற்றிக்கொண்டு, விழாமல் நிற்பதற்கே பாடுபட்டுக்கொண்டிருந்தன. பூவம்மாளுக்கு என்ன செய்தோம் என்பது அப்போதுதான் விளங்கியது.

“நில்லுங்க சின்னம்மா” என்றான் வெளியே ஹரீஷ். “அவங்க சொல்றது நெசம்தான்.”

தெருவோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். உள்ளேயிருந்து பேப்பர் உருண்டை ஒன்று வந்தது. அப்புறம் இன்னொன்று. கோழி முட்டையிடுகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது.

“ரூம்மேட் ஷூ, சின்னம்மா.”

“எங்கிட்டயே மறைச்சியாடா? இத்தன பேப்பரா?”

“பழைய பேப்பர்தான் சின்னம்மா.”

“புதுசா இருந்தா மட்டும் மரியாதையா?”

ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு மன்னிப்புக் கேட்க அவன் வாசலை நோக்கி நடந்தான். நடை இன்னும் காயவில்லை. நடுவில் சின்னம்மாவின் தடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. திரைக்குக் கீழே இருந்த ஒரு முழத்தில் பூவம்மாள் பார்த்தாள். இரண்டு கால்கள். குதிகாலைத் தூக்கிக்கொண்டு, சுவரோரமாக, ஒன்றன் முன் ஒன்றாக, கழுவி வைத்ததன் மேல் அழுக்குப் படாமல் வந்துகொண்டிருந்தன.

ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது.

“அட, ஓரக்காலு!”

கேன்டீனில் சாப்பாடு முடியும் தறுவாயில் மாரம்மா ஹாலில் மாப் போடுவாள். போட்டு நிமிர்வதற்குள், கடைசியாகச் சாப்பிட்டு எழுந்த சேஃப்டி ஷூக்கள் எல்லாம் நடுவிலேயே மிதித்துக்கொண்டு போகும். ஒரே ஒரு ஜோடி மட்டும் குதிகாலைத் தூக்கிச் சுவரோரமாகப் போகும். ஷட்டருக்குக் கீழே அதைப் பார்க்கிற அன்றெல்லாம் பூவம்மாள் ஒரு சாண் டிவியை விட்டுவிட்டு அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்தப் படத்திலும் அப்படி ஒரு கால் வந்ததில்லை. “யாரு பெத்த புள்ளையோ” என்று மாரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவாள். மாரம்மா இடுப்பைப் பிடித்து நிமிரும்போது அது போயிருக்கும்.

“தெனமும் ஓரமாப் போறது நீதானா தம்பி?”

ஹரீஷ் வாசலருகே, சுவரைப் பிடித்தபடி நுனிக்காலிலேயே நின்றான். “மாப் போட்டவங்க அங்கேயே நிப்பாங்க ஆன்ட்டி. அவங்க பாக்கறப்ப நடுவுல மிதிச்சுக்கிட்டுப் போக ஒரு மாதிரி இருக்கும்.” பிறகு, கொஞ்சம் தயங்கி, “உங்களையும் எனக்குத் தெரியும். கை மட்டும். தட்ட வாங்கிக்கற சோப்புக் கை” என்றான்.

“அதெல்லாம் இருக்கட்டும்மா” என்றாள் சரோஜம்மாள், இடுப்பில் கை வைத்து. ரோஷம் இன்னும் இறங்கவில்லை. “எங்க பையன் டூப்பா, ஒரிஜினலா? பொண்ணக் குடுக்கறீங்களா, இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க.”

பூவம்மாள் இரண்டு கையாலும் திரைச்சீலையைப் பிடித்து ஓர் இழு இழுத்தாள். கயிறு ஆணியோடு வந்துவிட்டது. “அம்மா, அது புதுசு!” என்று சத்யப்ரியா பதறுவதற்குள், இஸ்திரி மடிப்புக் கலையாத அந்தத் துணியை அவன் முன்னால் ஈரத் தரையில் விரித்துப் போட்டாள்.

“குதிகாலக் கீழ வை தம்பி. எவ்ளோ நேரந்தான் அப்பிடியே நிப்ப?”

மறைப்பு போய்விட்டதால் இப்போது எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூவம்மாள் மட்டும், துணியின் ஓரம் மடங்காமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி, அந்தக் குதிகால்கள் இறங்குகின்றனவா என்று குனிந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.